ஒரு நெசவாளர் மகனின் வானிலைக் குறிப்பேடு: ஜோன் டால்ற்றனும் நாளாந்த அவதானிப்பின் சமூகப் பின்னணியும்

விஞ்ஞானத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு கொள்கை எப்பொழுது, யாரால் முன்வைக்கப்பட்டது என்பதை அறிவதில் நாம் காட்டும் அக்கறையை, அக்கொள்கை தோன்றுவதற்கு வேண்டிய தரவுகளை ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் திரட்டியோரின் உழைப்பினை அறிவதிற் காட்டுவதில்லை. திரட்டுதல் கீழான பணியென்றும், கொள்கை வகுத்தலே மேலான பணியென்றும் ஒரு கருத்து நமது பல்கலைக்கழகங்களிலும் நிலவுகின்றது. இக்கருத்து எத்துணை பிழையானது என்பதை விளக்குவதற்கு, தமது வீட்டு ஜன்னலோரத்தில் ஒரு வெப்பமானியையும் பாரமானியையும் மழைமானியையும் வைத்துக்கொண்டு 57 ஆண்டுகள் வானிலையைக் குறித்துவந்த ஒரு மனிதரின் வரலாற்றை இக்கட்டுரையில் நோக்குவோம். அவர் ஜோன் டால்ற்றன். அணுக்கொள்கையின் ஆசிரியர் என்ற முறையில் அவரை நமது பாடசாலை மாணவரும் அறிவர். ஆயினும் அவர் தமது வாழ்நாளில் மிக நீண்ட காலம் செய்த பணி வானிலைக் குறிப்பே என்பது பலரும் அறியாத செய்தி.

இலக்கிய மாணவராகிய நாம் இவ்விடயத்தில் ஈடுபடுவதற்குக் காரணம் ஒன்று உண்டு. பழந்தமிழ் இலக்கிய மரபு ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தது. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். கூதிரைக் குறிஞ்சிக்குரிய பொழுதாகத் தொல்காப்பியம் கூறும். இங்கு கூதிர் என்பது ஒரு வகைமாதிரி. வாடையும் மழையும் தனிமையும் அதனோடு சேர்ந்தே வரும். எந்த ஆண்டின் கூதிர், அதன் எத்தனையாவது நாள் என்னும் வினா அங்கு எழுவதில்லை, எழவேண்டிய அவசியமும் இல்லை. வானிலைக் குறிப்பேட்டின் நோக்கோ இதற்கு நேர்மாறானது. அங்கு ‘நவம்பர்’ என்றொன்று இல்லை. நவம்பர் மாதத்தின் முப்பது நாட்கள் மாத்திரமே உள்ளன. பருவத்தை வகைமாதிரியாகக் கண்ட மனிதன் அதனைத் தனித்தனி நாட்களாக, எண்களாகக் காணத் தொடங்கியது எப்பொழுது? அதற்குத் தேவையான சமூக நிலைமைகள் யாவை? இவை இலக்கிய வரலாற்று மாணவருக்கும் உரிய வினாக்களே.

தொடக்கத்தைச் சுருக்கமாகப் பார்க்கலாம். ஐரோப்பாவில் இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய தொடர்ச்சியான வானிலைக் குறிப்புகளுள் ஒன்று வில்லியம் மேர்ல் என்னும் மதகுரு 1337 முதல் 1344 வரை எழுதியது. கருவி எதுவும் இல்லாத காலம் அது. கண்டதையும் உணர்ந்ததையும் அவர் எழுதிவைத்தார். பதினேழாம் நூற்றாண்டிற் பாரமானியும் வெப்பமானியும் தோன்றிய பின்னரே குறிப்பு எண்வடிவம் பெறுகின்றது. 1667இல் அச்சான றோயல் சொசைட்டி வரலாற்று நூலில் றொபேட் ஹூக் என்பார் வானிலையைக் குறிப்பதற்கெனப் பல நிரல்களைக் கொண்ட ஒரு படிவத்தை முன்மொழிந்தார். இதற்குப் பத்தாண்டுகளின் பின்னர், லங்காஷயரில் உள்ள பேர்ன்லி என்னும் இடத்தில் றிச்சர்ட் ரௌன்லி என்ற நிலக்கிழார் மழையை அளக்கத் தொடங்கினார். அவருடைய ஏற்பாடு சுவையானது. கூரைமீது பன்னிரண்டு அங்குல விட்டமுடைய புனல் ஒன்றை வைத்து, அதிலிருந்து ஈயக் குழாயொன்றைத் தமது அறையின் ஜன்னலுக்கே கொண்டுவந்து சேர்த்திருந்தார். மழையில் நனையாமல் மழையை அளக்கும் வசதி! வீடும் ஓய்வும் ஏவலாளரும் உடைய வர்க்கத்தின் கையிலேயே இப்பணி தொடங்கியது என்பதற்கு அக்குழாயே போதிய சான்று. பேர்ன்லி என்னும் இவ்விடப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். இக்கட்டுரையின் பிற்பகுதியில் அங்கு மீண்டும் செல்வோம்.

டால்ற்றன் இவ்வர்க்கத்தைச் சேர்ந்தவரல்லர். 1766இல் இங்கிலாந்தின் வடமேற்கு மூலையிலுள்ள கம்பலாந்தில், ஈகிள்ஸ்பீல்ட் என்ற சிற்றூரிற் பிறந்த அவர் ஒரு கைத்தறி நெசவாளரின் மகன். குடும்பம் குவேக்கர் மதக் குழுவைச் சார்ந்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் கோட்பாடுகளை ஏற்றுக் கையொப்பமிடாதவர்கள் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்துட் புகவும் முடியாது, கேம்பிரிட்ஜிற் பட்டம் பெறவும் முடியாது என்றிருந்த காலம். எனவே வறுமை ஒருபுறமும் மதம் மறுபுறமுமாக இரு கதவுகள் அவருக்கு அடைபட்டிருந்தன. பன்னிரண்டு வயதிலேயே ஊரிற் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கத் தொடங்கிய அவருக்குக் கல்வி வேறொரு வழியால் வந்தது. ஈகிள்ஸ்பீல்டில் எலிகு றொபின்சன் என்ற குவேக்கர் வானிலை அவதானிப்பில் ஈடுபாடும் கருவிகள் செய்யும் திறனும் உடையவராயிருந்தார். பின்னர் 1781இல் கென்டல் நகரத்துக் குவேக்கர் பாடசாலைக்கு ஆசிரியராகச் சென்றபோது, அங்கு ஜோன் கொஃப் என்பவரின் தொடர்பு கிடைத்தது. சிறுவயதிலேயே பார்வையை இழந்த கொஃப் இலத்தீனும் கிரேக்கமும் கணிதமும் கற்பித்ததோடு, நாள்தோறும் வானிலையைக் குறித்துவருமாறு டால்ற்றனைத் தூண்டினார். வானத்தைக் காணவியலாத ஒருவரே அதனை நாள்தோறும் காணும் பழக்கத்தை அவருக்கு அளித்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

பல்கலைக்கழகங்களுக்கு வெளியே, நெசவாளரும் பாடசாலை ஆசிரியரும் சிறுவணிகரும் தமக்குள் நூல்களையும் கருவிகளையும் பரிமாறிக்கொண்டு வளர்த்த இவ்வறிவுச் சூழல், வட இங்கிலாந்தின் கைத்தொழிற் புரட்சியோடு நெருங்கிய தொடர்புடையது. உடைமை வர்க்கத்தின் அதிகாரபூர்வமான கல்வி பழைய மொழிகளிலும் இறையியலிலும் தேங்கிநின்ற வேளையில், உற்பத்தியோடு அண்மித்து வாழ்ந்தோரிடையே இயற்கை பற்றிய அறிவு வளர்ந்தது. டால்ற்றனைத் தனியொரு மேதையாகக் காட்டும் நூல்கள் இதனைக் காணத் தவறுகின்றன.

1787ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24ஆந் திகதி அவரது குறிப்பேடு தொடங்குகின்றது. முதற் பதிவு வடமுனை ஒளி பற்றியது. கருவிகளிற் பல அவரே செய்தவை. அவருடைய ஈரமானி விலைகொடுத்து வாங்கியதன்று. ஏறத்தாழ ஆறு யார் நீளமான முறுக்குக் கயிறு ஒன்றின் ஒரு முனையை ஆணியிற் கட்டி, மறுமுனையைக் கப்பியொன்றின் மேலாக விட்டுச் சிறு பாரம் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். காற்றில் ஈரம் மிகும்போது கயிறு சுருங்கும், பாரம் மேலேறும். காற்று உலரும்போது பாரம் தாழும். நூலின் இயல்பை அறிந்த குடும்பத்திற் பிறந்தவருக்கு இது இயல்பாகவே தோன்றியிருக்கலாம் என்று நாம் கருதுகின்றோம். ஆதாரம் காட்டுமாறு கேட்டால் நம்மிடம் இல்லை.

ஓரிடத்துக் குறிப்பு தனித்து நிற்கையில் அதனாற் பயன் குறைவு. இதனை டால்ற்றன் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார். கெஸ்விக் என்னும் அயலூரில் அரும்பொருட்காட்சிச் சாலை ஒன்றை நடத்திவந்த பீற்றர் குறொஸ்துவெயிற் அதே காலத்திற் குறிப்பெடுத்து வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்பணியில் இருந்து திரும்பியவர் அவர். இரு ஊர்க் குறிப்புகளையும் ஒப்பிட்டே டால்ற்றன் வடமுனை ஒளியின் உயரத்தைக் கணிக்க முயன்றார். 1793இல் அவர் வெளியிட்ட ‘வானிலை அவதானிப்புகளும் கட்டுரைகளும்’ என்ற முதல் நூல் இவ்வொப்பீட்டின் விளைவு. அணுக்கொள்கைக்கான சிந்தனைகளின் வித்துகள் இந்நூலிலேயே காணப்படுகின்றன.

இனி, இலையுதிர்காலத்தின் பிற்பகுதிக்கு வருவோம். ஒக்ரோபர் இறுதியிலிருந்து டிசெம்பர் நடுப்பகுதி வரையுள்ள இக்காலம் வட இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் இருண்டது, ஈரமானது. மேற்கே அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து தாழமுக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மலைகளில் மோதும். பாரமானி ஓரிரு நாட்களில் ஓர் அங்குலம்வரை வீழ்ந்து மீண்டும் எழக்கூடும். வெயில் குன்றி, வெப்பநிலை பகலுக்கும் இரவுக்கும் இடையிற் பெரிதும் மாறாதிருக்கும். நிலம் நீரை ஏற்கமாட்டாது நிரம்பி நிற்கும். உல்லாசப் பயணி விரும்பாத இக்காலமே அவதானிப்பாளருக்கு மிகுந்த பயன் தருவது. ஏனெனிற் கோடையில் ஒன்றோடொன்று கலந்துவிடும் இரு செயல்கள், மழையும் ஆவியாதலும், இக்காலத்தில் வேறுபிரிகின்றன. மழை மிகுதி, ஆவியாதலோ அற்பம். குளிர்ந்த காற்று தாங்கக்கூடிய நீராவி குறைவாதலால், காற்றின் வெப்பநிலைக்கும் பனிபடுநிலைக்கும் இடையிலுள்ள வேறுபாடு சிறுத்துவிடுகின்றது.

பனிபடுநிலையை டால்ற்றன் அளந்த முறையை இங்கு விளக்குதல் தகும். உயரமான கண்ணாடிப் பாத்திரமொன்றிற் குளிர்ந்த ஊற்றுநீரை நிரப்புவார். புறத்தே பனித்துளி படிந்தால் நீரை வெளியே ஊற்றிச் சிறிது வெப்பமடையவிட்டு, பாத்திரத்தை நன்கு துடைத்து, மீண்டும் அந்நீரை நிரப்புவார். துளி படியாத நிலை வரும்வரை இதனையே திரும்பத் திரும்பச் செய்வார். அப்பொழுது நீரின் வெப்பநிலை என்னவோ அதுவே பனிபடுநிலை. கோடையின் சில மாதங்களில் மட்டுமே இது எளிது. இலையுதிர்காலம் முதிரும்போது வெளிக்காற்றின் பனிபடுநிலை ஊற்றுநீரின் வெப்பநிலைக்கும் கீழே சென்றுவிடும். அதாவது நிலத்தடியிலிருந்து வரும் நீர் காற்றைவிடக் குளிர்ந்ததாக இராது. எனவே உப்புக் கலவைகளால் நீரைச் செயற்கையாகக் குளிரூட்டி அளக்கவேண்டியிருந்தது. ஒரேயோர் எண்ணைப் பெறுவதற்கு இத்துணை வேலை. நவம்பர் மாலையொன்றில், மெழுகுதிரி வெளிச்சத்தில், கை விறைக்கக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து நீரூற்றும் ஆசிரியரை மனக்கண்ணிற் கொண்டுவந்தால், தரவு என்று நாம் எளிதாகக் கூறும் சொல்லின் உட்பொருள் விளங்கும்.

இவ்வுழைப்பின் பயனாக எழுந்த வினா ஒன்று உண்டு. பெய்யும் மழை அனைத்தும் எங்கே செல்கின்றது? ஆறுகளும் ஊற்றுகளும் மழையினால் மட்டும் உண்டாகின்றனவா, அன்றி நிலத்தடியிலிருந்து கடல்நீர் ஏதேனும் வழியால் மேலெழுகின்றதா? இது பண்டு தொட்டே இருந்துவந்த ஐயம். 1799இல் மன்செஸ்ரர் இலக்கிய தத்துவ சங்கத்தில் வாசித்த கட்டுரையில் டால்ற்றன் இதற்கு எண்களால் விடையளிக்க முயன்றார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முப்பது இடங்களிற் கிடைத்த மழைக் குறிப்புகளைத் திரட்டி ஆண்டுச் சராசரியை ஏறத்தாழ 31 அங்குலமெனக் கணித்தார்; பனியினால் 5 அங்குலத்தைச் சேர்த்தார்; ஆறுகள் கடலுக்குக் கொண்டுசெல்லும் நீரையும் ஆவியாகச் செல்லும் நீரையும் மறுபக்கத்தில் வைத்தார். இரு பக்கங்களும் பெருமளவுக்கு ஈடாயின. ஊற்றுகளுக்கு மழையே போதும். இன்று நீரியல் என வழங்கும் துறையின் தொடக்க முயற்சிகளுள் ஒன்றான இது, பெரும்பாலும் தத்தம் வீட்டு முற்றத்தில் மழைமானி வைத்திருந்தோரின் குறிப்புகளின்மேல் எழுந்தது.

நீராவி காற்றில் எவ்வாறு இருக்கின்றது என்ற வினா இதனின்றும் பிறந்தது. அக்காலத்தவர் பலர் நீர் காற்றோடு இரசாயன முறையிற் சேர்ந்து கரைகின்றது என்றே கருதினர். தமது குறிப்பேட்டோடு பொருந்தாத இக்கருத்தை டால்ற்றன் ஏற்கவில்லை. நீராவி தனித்ததொரு வாயுவாகவே ஏனைய வாயுக்களோடு கலந்துநிற்கின்றது என்றும், ஒவ்வொரு வாயுவும் தனித்தனியே தன் அமுக்கத்தைச் செலுத்துகின்றது என்றும் 1801இல் அவர் முன்வைத்தார். பகுதியமுக்க விதி என நாம் கற்பது இதுவே. கலந்தும் ஒன்றாகாத வாயுக்களின் இயல்பை விளக்க முற்பட்டபோது அவற்றின் மிகச் சிறிய துணிக்கைகளின் பருமனும் நிறையும் பற்றிய சிந்தனை தவிர்க்கவியலாததாயிற்று. 1803 செப்ரெம்பரில் அணுநிறைகளின் முதல் அட்டவணை அவரது குறிப்பேட்டில் இடம்பெற்றது. மழையிலிருந்து ஆவிக்கும், ஆவியிலிருந்து வாயுவுக்கும், வாயுவிலிருந்து அணுவுக்கும் சென்ற இப்பாதையிற் பாய்ச்சல் ஒன்று இருந்ததை மறுப்பதற்கில்லை. ஆயின் அளவு மாற்றங்கள் திரண்டே பண்பு மாற்றம் நிகழ்கின்றது. பதினாறு ஆண்டுகள் நாள்தோறும் குறித்த எண்கள் இல்லாத டால்ற்றனுக்கு அவ்வினா எழுந்திராது. ஏங்கெல்ஸ் ‘இயற்கையின் இயக்கவியல்’ நூலுக்காக எழுதிய குறிப்புகளில், இரசாயனவியலின் புதுயுகம் அணுக்கொள்கையோடு தொடங்குகின்றதென்றும், ஆகவே நவீன இரசாயனவியலின் தந்தை லவோசியே அல்லர், டால்ற்றனே என்றும் மதிப்பிட்டார்.

டால்ற்றனின் பரிசோதனைகள் கரடுமுரடானவை என்று ஹம்பிறி டேவி கூறியதாக ஒரு செய்தி பலரால் எடுத்தாளப்படுவதுண்டு. இலண்டன் றோயல் நிறுவனத்தின் நேர்த்தியான ஆய்வுகூடத்தோடு ஒப்பிடுகையில் அது உண்மையே. இதனை வர்க்க இறுமாப்பு என்று மட்டும் விளக்கிவிடலாகாது. டேவியும் மரச் செதுக்கு வேலையாளர் ஒருவரின் மகனே. ஒரு தனிப் பரிசோதனையின் நுண்மையை அளவுகோலாகக் கொள்ளும் விஞ்ஞானத்துக்கும், கரடான கருவியாயினும் நீண்ட தொடர்ச்சியாற் பிழைகளை வெல்லும் விஞ்ஞானத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு இது. அவரது குறிப்பேட்டில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட அவதானிப்புகள் இருந்தனவென்பர். 57 ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழப் பத்து. நாளுக்குப் பத்து எண்கள் எழுதுவது யாராலும் இயலும். இருபதினாயிரம் நாட்கள் எழுதுவதே அரிது.

1793இல் டால்ற்றன் மன்செஸ்ரருக்குச் சென்றார். திருச்சபையை ஏற்காதோருக்கென அங்கு அமைந்திருந்த கல்லூரியிற் கணிதமும் இயற்கைத் தத்துவமும் கற்பித்தார். 1800இல் அப்பதவியை விட்டபின் தனிப்பட்ட முறையில் மாணவருக்குப் பாடம் சொல்லி வாழ்ந்தார். அவர் வாழ்ந்த வீதியின் எதிர்வீட்டார், அவர் ஜன்னலைத் திறந்து வெப்பமானியைப் பார்க்கும் வேளையைக் கொண்டு மணியறிவர் என்றொரு கதை வழங்குகின்றது. இக்கதையை அவரது ஒழுங்குக்குச் சான்றாகவே வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் கூறுவர். நாம் அதனை வேறொரு கோணத்திலும் பார்க்கலாம். பஞ்சாலையின் மணி நூலகத்தின் மணியையும் கோயிலின் மணியையும் விஞ்சி ஒலித்த நகரம் அது. கைத்தொழில் முதலாளித்துவம் நேர ஒழுங்கினைத் தொழிலாளர்மீது எவ்வாறு திணித்தது என்பதை ஈ. பி. தொம்சன் 1967இல் எழுதிய கட்டுரையில் விரிவாக விளக்கியுள்ளார். அந்நகரத்தில், அதே காலத்தில், ஒருவர் அதே நேர ஒழுங்கைத் தாமே விரும்பித் தம்மீது விதித்துக்கொண்டார். ஒழுங்கு ஒன்றே, ஆயின் ஒருவருடைய உழைப்பின் பயன் அவருடைய கையிலேயே தங்கியது, மற்றவருடையது ஆலைக்குச் சென்றது.

1819 ஓகஸ்ட் 16ஆந் திகதி, டால்ற்றனின் வீதியிலிருந்து சிறிது தூரம் நடந்தால் அடையக்கூடிய சென் பீற்றர் திடலில், வாக்குரிமை கேட்டுத் திரண்ட பல்லாயிரம் தொழிலாளர்மீது குதிரைப்படை ஏவப்பட்டது. குறைந்தது பதினைந்து பேர் உயிரிழந்தனர். வானிலைக் குறிப்பேட்டின் நிரல்கள் அமுக்கத்துக்கும் வெப்பத்துக்கும் காற்றுக்கும் மழைக்கும் உரியன. அப்படுகொலைக்கு அவற்றில் இடமில்லை. இதனைக் கொண்டு டால்ற்றனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் விமர்சனம் ஒன்று எழக்கூடும். முற்போக்கு முகாமைச் சேர்ந்த நண்பர் சிலரே நம்மிடம் அவ்வாறு வாதிட்டதுண்டு: வெளியே மக்கள் மடிகையில் உள்ளே மழையை அளப்பது பூர்ஷுவாப் பொழுதுபோக்கு என்பது அவர்கள் வாதம். இது கொச்சை மார்க்சியம். நிரல்களை வரையறுத்தமையே அவ்வேட்டின் பலம். எல்லாவற்றையும் எழுதும் ஏட்டில் எதனையும் ஒப்பிட முடியாது. அக்குறிப்பேட்டிடம் கேட்கவேண்டிய நியாயமான வினா வேறு: மழையை அளந்த அக்கருவி மழையில் எதனை அளக்காமல் விட்டது?

மன்செஸ்ரரின் மழை வெறும் நீரன்று. நூற்றுக்கணக்கான புகைபோக்கிகள் கக்கிய நிலக்கரிப் புகை அதிற் கலந்திருந்தது. அங்குலக் கணக்கில் அம்மழை கென்டலின் மழையைவிடக் குறைவு. ஆயின் அதில் நனைந்தோர் இரு வேறு பொருள்களில் நனைந்தனர். டால்ற்றனைப் பற்றிப் பின்னர் நூலொன்று எழுதிய றொபேட் அங்கஸ் சிமித் என்ற இரசாயனவியலாளரே இதனை முறையாக ஆராய்ந்தார். நகரத்தை அண்மிக்கும்போது மழைநீரில் அமிலம் மிகுவதை 1852இல் அவர் எடுத்துக்காட்டினார். 1872இற் காற்றும் மழையும் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்டார். அமிலமழை என்னும் தொடர் அவர் வழியே வந்தது. கார உற்பத்தி ஆலைகளைக் கட்டுப்படுத்த 1863இற் சட்டம் இயற்றப்பட்டபோது அதன் முதலாவது பரிசோதகராக நியமிக்கப்பட்டவரும் அவரே. தனிமனிதரின் மழைமானி அரசின் கைக்கு, ஆலை உரிமையாளரைக் கேள்வி கேட்கும் கருவியாக, இவ்வாறே சென்றது. இலண்டனிலும் இதற்கு முன்னரே லூக் ஹவார்ட் என்னும் மருந்து உற்பத்தியாளர், தமது நாளாந்தக் குறிப்புகளைக் கொண்டு நகரம் நாட்டுப்புறத்தைவிடச் சூடானது என்று நிறுவியிருந்தார். முகில்களுக்குப் பெயரிட்டவர் என்றே அவரை உலகம் நினைவிற் கொண்டுள்ளது.

டால்ற்றன் 1844 யூலை 27ஆந் திகதி காலையில் இறந்தார். முதல்நாள் மாலையிலும் நடுங்கும் கையால் வெப்பநிலையும் அமுக்கமும் எழுதி, சிறிது மழை பெய்ததையும் குறித்திருந்தார். நகர மண்டபத்தில் வைக்கப்பட்ட உடலைக் காண ஏறத்தாழ 40,000 பேர் வந்தனர். ஒருகாலத்தில் அவருக்குக் கதவை மூடியிருந்த ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் 1832இற் கௌரவப் பட்டம் அளித்திருந்தது. அதற்குரிய செந்நிற அங்கியை எளிமை பேணும் குவேக்கர் ஒருவர் அணியலாமா என்ற சிக்கல் அவருக்கு எழவில்லை. நிறக்குருடு உடைய அவரது கண்ணுக்கு அது இலையின் நிறமாகவே தோன்றியதாம். அவர் இறந்த வேளையில் மன்செஸ்ரரிலே ஓர் இளைஞர் தமது தந்தையின் பங்கிலுள்ள நூற்பாலையில் வேலைபார்த்துக்கொண்டு, தொழிலாளர் குடியிருப்புகளை வீதி வீதியாகச் சென்று அவதானித்துக் குறிப்பெடுத்துக் கொண்டிருந்தார். அவர் ஏங்கெல்ஸ். மறுவருடம் வெளிவந்த ‘இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலை’ அக்குறிப்புகளின் பேறு. இருவரும் சந்தித்ததாக நாம் கொள்ளவேண்டியதில்லை. நேரிற் கண்டு, நிரைப்படுத்தி, ஒப்பிட்டு அறியும் முறை அந்நகரத்தின் பொதுச் சொத்தாக இருந்தது என்பதே கவனத்துக்குரியது.

டால்ற்றனுக்குப் பிற்பட்ட காலத்தில் வீட்டு அவதானிப்பு ஓர் அமைப்பாகியது. 1860இல் ஜோர்ஜ் சைமன்ஸ் என்பவர் 168 நிலையங்களின் மழைக் குறிப்புகளை அச்சிட்டுத் தொடங்கிய முயற்சி, அந்நூற்றாண்டு முடிவதற்குள் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களைக் கொண்டதாக வளர்ந்தது. ஊதியம் பெறாத மனிதர்கள் தத்தம் தோட்டங்களில் ஒரே வகையான மானியை வைத்து, காலை ஒன்பது மணிக்கு அளந்தனர். பிரித்தானியத் தோட்டத்துரைமாரோடு இவ்வழக்கம் நமது மலையகத்துக்கும் வந்தது. தேயிலைத் தோட்டங்களிற் காலைதோறும் மழைமானி பார்ப்பது இன்றும் தொடரும் வழக்கமே. தோட்டத்தின் பெயரால் எண் பதியப்படுகின்றது. மானியைத் தூக்கி நீரை ஊற்றி அளந்த கைக்குரியவரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. வடகீழ்ப் பருவமழை வலுக்கும் கார்த்திகையில், அட்டை மொய்க்கும் புல்லில் இறங்கிச் சென்று அளந்தவர் நிச்சயமாக ரௌன்லியைப் போல அறைக்குள் குழாய் வைத்திருந்தவரல்லர்.

பேர்ன்லிக்கு இனி மீள்வோம். ரௌன்லி தமது ஜன்னலில் மழையைச் சேகரித்த அவ்வூர், இரண்டு நூற்றாண்டுகளில் உலகின் பெரும் பருத்தி நெசவு நகரங்களுள் ஒன்றாகியிருந்தது. கைத்தறி நெசவாளர் அழிந்துவிட்டனர். 1820களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோராயிருந்த அவர்கள் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஒரு சிறு கூட்டமாகக் குறுகினர். டால்ற்றனின் தந்தையின் தொழில் இவ்வாறு மறைந்தது. நெசவுச் சாலைகளில், மலிந்த பருத்தி நூலுக்கு அளவுக்கு மீறிக் கஞ்சியும் வெண்களிமண்ணும் ஊட்டி நெய்தனர். உலர்ந்த காற்றில் அந்நூல் அறுந்துவிடும். எனவே சாலைக்குள் நீராவி பாய்ச்சப்பட்டது. வெளியே நவம்பர்க் குளிர், உள்ளே செயற்கையான வெப்பமும் ஈரமும். நனைந்த உடையோடு வெளியே வரும் தொழிலாளர் மார்புநோய்க்கும் வாதநோய்க்கும் ஆளாகினர். நெசவாளர் சங்கங்கள் இதற்கெதிராக நீண்டகாலம் கிளர்ச்சி செய்தன. அதன் பயனாக 1889இற் பருத்தித் துணி ஆலைகள் சட்டம் நிறைவேறியது. எவ்வெப்பநிலையில் எவ்வளவு ஈரப்பதன் இருக்கலாம் என்ற உச்சவரம்பை அச்சட்டத்தின் அட்டவணை விதித்தது. ஒவ்வொரு சாலையிலும் ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகள் தொங்கவேண்டும். அளவீடுகள் நாள்தோறும் குறிக்கப்படவேண்டும்.

ஈரக்குமிழ் வெப்பமானி டால்ற்றனின் கருவியன்று. ஆயினும் அதன் இரு எண்களைக் காற்றின் ஈரப்பதனாக மாற்றுவதற்கு அடிப்படையாகவுள்ள நீராவியமுக்கம் பற்றிய கருத்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அவர் பெற்றதே. ஜன்னலுக்கு வெளியே தொங்கிய வெப்பமானி இப்பொழுது நெசவுச் சாலைக்குள் தொங்கியது. வானிலைக் குறிப்பேடு தொழிற்சட்டத்தின் படிவமாயிற்று. அச்சட்டம் நிறைவு தரவில்லை. வரம்பு தாராளமானது என்றும், நீராவி பாய்ச்சுவதையே தடைசெய்யவேண்டும் என்றும் சங்கங்கள் தொடர்ந்து போராடின. 1911இல் மீண்டும் சட்டம் திருத்தப்பட்டது. எனினும் ‘இங்கு மூச்சுவிட முடியவில்லை’ என்று தொழிலாளி கூறியதை மறுத்துவந்த முதலாளி, சுவரில் தொங்கும் எண்ணை மறுக்க முடியாத நிலை தோன்றியது.

டால்ற்றனின் கையெழுத்து ஏடுகளை மன்செஸ்ரர் இலக்கிய தத்துவ சங்கம் தனது ஜோர்ஜ் வீதிக் கட்டடத்திற் பாதுகாத்து வந்தது. 1940 டிசெம்பர் 24ஆந் திகதி ஜேர்மன் விமானங்களின் குண்டுவீச்சில் அக்கட்டடம் அழிந்தது; ஏடுகளிற் பெரும்பகுதி எரிந்துபோயிற்று. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டமையை வரலாறாகக் கொண்டுள்ள நமக்கு, இச்செய்தியின் கனத்தை எவரும் விளக்கவேண்டியதில்லை. எரிந்த ஓரங்களோடு எஞ்சியவை மன்செஸ்ரரில் ஜோன் றைலண்ட்ஸ் நூலகத்தில் உள்ளன. 1794 முதல் 1818 வரையுள்ள 25 ஆண்டுகளின் பாரமானி, வெப்பமானி, மழை அளவுகளின் சுருக்கத்தை டால்ற்றனே அச்சிட்டிருந்தமையால் அது தப்பியது. கோர்டன் மான்லி என்ற புவியியலாளர், பல ஊர்களிற் பலர் எழுதிவைத்த இத்தகைய வீட்டுக் குறிப்புகளை ஒன்றோடொன்று பொருத்திப் பிழைதிருத்தி, மத்திய இங்கிலாந்தின் மாதாந்த வெப்பநிலைத் தொடரை அமைத்து 1953இலும், 1659 வரை பின்னோக்கி நீட்டி 1974இலும் வெளியிட்டார். புவி வெப்பமாதல் பற்றி இன்று நடைபெறும் வாதங்களில் அடிக்கடி மேற்கோளாக வருவது அத்தொடர்.